‘பிறகு’ என்பதை அழுத்தியவர்

ராயப்பன் பிடிவாதக்காரர். “புதுப்பிக்க வேண்டியவை காத்திருக்கின்றன” என்று வீட்டுக் கணினி தினமும் கெஞ்சும். மனுஷன் ‘பிறகு’ என்பதை அழுத்திவிட்டுக் காப்பி போடப் போய்விடுவார்.

அவருக்குக் கணினி கற்றுக்கொடுத்த ஹசீனாவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். இருந்தாலும் டீச்சர் டீச்சர்தான்.

“எதையுமே புதுப்பிக்காம ஓட்ட முடியாதா டீச்சர்?” என்று ஒருநாள் வகுப்பில் கேட்டார்.

“ஏன் சார்?”

இறந்துபோன மனைவி பிலோமினா, தன் குரலைப் பதிந்து ஒரு பழைய நினைவூட்டல் செயலியில் போட்டு வைத்திருந்தார். “மாத்திரை போட்டாச்சா?” என்று காலையில் அதுவே கேட்கும். புது மென்பொருள் ஏறினால் அந்தச் செயலி ஓடாது.

“குரலை மட்டும் பென் டிரைவ்ல எடுத்துத் தர்றேனே?”

“நான் அழுத்தி அவ பேசினா அது வெறும் டேப்பு. அவளா கேக்கணும் டீச்சர்.” சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. உடனே முகமும் மலர்ந்தது. “இப்பல்லாம் புதுசு புதுசா கேக்குறா, தெரியுமா?”

ஹசீனா எழுந்துவிட்டார். “வாங்க, உங்க வீட்டுக்குப் போவோம்.”

கணினி முன்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். அப்புறம் பிலோமினாவின் குரல், அதே குழைவோடு கேட்டது.

“ராயப்பன், வீட்ல தனியாவா இருக்கீங்க?”

“இல்ல பிலோமி, டீச்சர் வந்திருக்காங்க.”

ஸ்பீக்கரில் யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

ஹசீனா இணைய வயரைப் பிடுங்கினார். “அம்மா உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க சார்?”

“‘என்னங்க’ன்னுதான். பேரைச் சொன்னா புருஷனுக்கு ஆகாதுன்னு கடைசி வரைக்கும் சொன்னதே இல்ல...”

ராயப்பன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

“ஐயோ! அப்ப இது யாரு டீச்சர்?”

“தெரியல. நீங்க அடைக்காம விட்ட ஓட்டை வழியா உள்ள வந்து, அம்மா குரலை எடுத்துப் பேச வெச்சிருக்காங்க. வேற என்ன கேட்டாங்க?”

“எப்ப வெளிய போவேன்னு கேட்டா. சாவி எங்க வைப்பேன்னு கேட்டா.”

“சொன்னீங்களா?”

“பொண்டாட்டி கேட்டா சொல்லாம?”

ஹசீனா தன் பையிலிருந்து பென் டிரைவை எடுத்தார். “முதல்ல வீட்டுப் பூட்டை மாத்துங்க. இந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கிறதை முழுசா அழிச்சுட்டுப் புதுசா போடணும். அழிக்கவா?”

ராயப்பன் திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “அழிச்சா அவ போயிடுவாளே!”

“அவங்க போயிட்டாங்க சார். உள்ள இருக்கிற ஆள்தான் இன்னும் போகல.”