தேன்சிட்டா, கொசுத்தேனீயா

“பன்னெண்டு வருஷமாச்சும்மா. இன்னும் ஒரு தடவைகூட என்னைப் பேச விடலியே நீங்க.”

கேட்ட மாசிலாமணி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஆசிரமத்திலேயே தங்கியிருக்கும் சீடர். குரு வடிவம்மை அவரைவிட ஒன்பது வயது இளையவர். அந்தக் குறை மாசிலாமணிக்கு உள்ளூர உண்டு. வருகிற பௌர்ணமிக் கூட்டத்துக்காகப் பேச்சை மனப்பாடம் செய்து, சரிகைச் சால்வைகூட வாங்கி வைத்துவிட்டார்.

“முற்றத்துல தேன்சிட்டு கூடு கட்டியிருக்கு. சுவர்ப் பொந்துல கொசுத்தேனீ இருக்கு. எது பெரிசுன்னு மூணு நாள் பார்த்துட்டுச் சொல்லுங்க ஐயா. சரியாச் சொன்னா பௌர்ணமி உங்களோடது.”

இதெல்லாம் ஒரு கேள்வியா என்று நினைத்துக்கொண்டார்.

முதல் நாள் மாலையே வந்தார்.

“சிட்டுதாம்மா. என்ன நிறம், என்ன வேகம். கூட்டு வாசலுக்கு மேல சின்னதா கூரைகூட இறக்கியிருக்கு. தேனீ கொசு அளவுதான். கொட்டக்கூடத் தெரியாது.”

“ம்.”

இரண்டாம் நாளும் சிட்டுதான். அன்றும் “ம்”தான்.

மூன்றாம் நாள் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

“தேனீதாம்மா பெரிசு. சிட்டு சுத்த மடையன். காலையிலேர்ந்து கண்ணாடியைக் கொத்திக்கிட்டே இருக்கு. இன்னொரு சிட்டு வந்துட்டதா நினைப்பு. குஞ்சு கூட்டுல கத்துது, இரை கொண்டு போகல.”

“தேனீ?”

“அதுவும் கண்ணாடியில உட்கார்ந்தது. இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் நடந்தது. ஒண்ணும் இல்லைன்னதும் பூசணிப்பூவுக்குப் போயிடுச்சு.”

தேனீயைத் தாமே பெற்று வளர்த்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

“சரியாச் சொன்னீங்க. பௌர்ணமி உங்களோடது.”

மாசிலாமணிக்குத் தலைகால் புரியவில்லை.

“நம்ம முற்றத்துல கண்ணாடி ஏது ஐயா?”

“என்னோடதுதான். பேசிப் பழக வாங்கினேன். ஒரு மாசமா அறையில இருந்தது. வெளிச்சம் போதலைன்னு நேத்து சாயங்காலம் முருங்கை மரத்துல மாட்டினேன்.”

“ஒரு மாசமாவா பழகுறீங்க?”

“பின்னே? விடிஞ்சா போதும். பசிகூடத் தெரியாது. அது முன்னாடியேதான் நின்னு...”

முற்றத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

வெளியே குஞ்சு கத்திக்கொண்டிருந்தது.

அவர் எழுந்து போய்க் கண்ணாடியைக் கழற்றித் தரையில் கவிழ்த்து வைத்தார். சிட்டு கிளையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் விழித்தது. பிறகு ஒரு புழுவைக் கவ்விக்கொண்டு கூட்டுக்குப் பறந்தது.

வடிவம்மைக்குப் பெருமை பொங்கியது. மறைக்கவும் இல்லை.

“பௌர்ணமிக்கு எதைப் பத்திப் பேசப் போறீங்க ஐயா?”

மாசிலாமணி சுவர்ப் பொந்துக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“இன்னும் மூணு நாள் பார்த்துட்டுச் சொல்றேம்மா.”