பதினோராவது ரவை

தில்லையம்பலத்தாரின் குரு அவரைவிட இருபது வயது இளையவ. பெயர் யோகராணி. கனடாவில் அவர்கள் இருந்த சின்ன நகரத்தில், இரும்பு உதிரிப்பாகம் செய்யும் ஆலையொன்றில் அளவு சரிபார்ப்பது அவவின் வேலை. சனிக்கிழமைகளில் ஊருக்கு வெளியே இருந்த குறிசுடும் கழகத்தில் ஆட்களைப் பழக்குவா. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற தில்லையம்பலத்தார், வயதைப் பாராமல் அவவை 'ரீச்சர்' என்றே கூப்பிட்டார்.

அவர் சுடப் பழகவில்லை. சுடுகிறவள் மகள் மைதிலி. அவர் பழகியது மகளின் கைத்துப்பாக்கிக்கு ரவை கட்ட. சுட்டு வெறுமையான பித்தளைக் கோதைத் துடைத்து, அடியில் மருந்தைப் பற்றவைக்கிற புதுக் கேப்பு வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, வாயில் சன்னம் என்கிற ஈயக்குண்டை இருத்திக் கைப்பொறியால் அழுத்த வேண்டும். நிலவறையில் ஒரு மேசை போட்டு அந்த வேலையைச் செய்துவந்தார்.

ரீச்சர் அதிகம் பேசாதவ. ஒன்றை மட்டும் முதல்நாளே சொல்லிவைத்தா. சன்னம் அளவுக்கு மீறி உள்ளே இறங்கினால் கோதுக்குள் இடம் சுருங்கும். சுருங்கின இடத்தில் பற்றுகிற மருந்து கையிலிருக்கும் துவக்கையே பிளந்துபோடும்.

அவர் தலையாட்டினார். ஒரு வருடம் ஒரு குறையும் வரவில்லை.

அன்று சனிக்கிழமை காலை. புதிதாகக் கட்டிய ரவைகளில் ஐம்பதை எடுத்துக்கொண்டு மைதிலி கழகத்துக்குப் போய்விட்டாள். மிச்சத்தைத் தில்லையம்பலத்தார் மேசையில் நிமிர்த்தி வரிசையாக வைத்தார். அழகு பார்க்கத்தான் வைத்தார்.

வரிசை மட்டமாக இல்லை. பால்பல் விழுந்த பிள்ளையின் வாய்போல, ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் நின்றது.

முதலில் மேசையில்தான் பிழை என்று நினைத்தார். இடத்தை மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு கலிப்பரை எடுத்து அளந்தார். ஒன்று சரி. அடுத்தது கட்டை. அதற்கடுத்தது இன்னும் கட்டை. சன்னம் கோதுக்குள் புதைந்து போயிருந்தது.



மகளின் தொலைபேசிக்கு எடுத்தார். அடித்துக்கொண்டே இருந்தது. சுடும் மேடையில் நிற்பவர்கள் தொலைபேசியைக் காருக்குள் விட்டுவிட்டுப் போவது கழகத்தின் விதி. ரீச்சருக்கு எடுத்தார். அங்கேயும் அப்படித்தான். காலில் அகப்பட்ட செருப்போடு வண்டியில் ஏறினார்.

இருபது நிமிட ஓட்டம். முப்பது வருடம் பஸ் ஓட்டினவர், அன்றைக்குத்தான் சிவப்பு விளக்கைக் கவனியாமல் கடந்தார். கண்ணுக்குள் நின்றதெல்லாம் மகளின் வலக்கைதான். ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிற கை. நோயாளிக்கு வலியில்லாமல் ஊசி போடுகிறவள் என்று பெயர் எடுத்த கை.

கழக வாசலில் இறங்கும்போதே வெடிச் சத்தம் கேட்டது. போர் நடந்த சொந்த ஊரில் இருந்த காலத்தில் அந்தச் சத்தத்துக்கு எதிர்ப்பக்கம் ஓடின கால்கள், இப்போது அதை நோக்கி ஓடின.

இன்னொரு வெடி.  அப்போது ஒரு விசித்திரம் நடந்தது. அடுத்த வெடி எப்போது கேட்கும் என்று மனம் ஏங்கியது. கேட்டால், கை இன்னும் இருக்கிறது. கேட்கக்கூடாதென்றும் கேட்கவேண்டுமென்றும் முருகனை ஒரே மூச்சில் மன்றாடிக்கொண்டு ஓடினார்.

பிறகு ஒரு வெடி கேட்டது. முந்தியதுகள் போலில்லை. தகரம் கிழிந்த மாதிரி இருந்தது.

அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். மைதிலி மேடையில் நின்றாள். அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. விரல்களை எண்ணினார். பத்தும் இருந்தன. மறுபடி எண்ணினார்.

துவக்கு வாய் திறந்தபடி மேசையில் கிடந்தது. கடைசி வெடியின் சத்தம் பிசகியதும் ரீச்சர் எட்டி மைதிலியை நிறுத்தியிருக்கிறா. கீழே விழுந்த கோதைக் குனிந்து எடுத்து அவரிடம் நீட்டினா. கோதின் அடியில் இருந்த கேப்பு, நசுக்கிய மூட்டைப்பூச்சி போலத் தட்டையாகிக் கிடந்தது. உள்ளே அழுத்தம் மீறியதன் அடையாளம் அது.

"அப்பா, எனக்கு ஒண்டுமில்லை" என்றாள் மைதிலி.

அவர் கோதைக் கையில் வைத்தபடி அவளுடைய விரல்களை மூன்றாம் முறையும் எண்ணினார். 

பின்னேரம் ரீச்சர் வீட்டுக்கு வந்தா. ஏசுவா என்று காத்திருந்தார். ஏசியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவ நேரே நிலவறைக்கு இறங்கி, கைப்பொறியில் சன்னத்தை அழுத்துகிற குமிழைக் கழற்றினா. விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினா.

குமிழின் குழிக்குள் கறுப்பாக மெழுகு படிந்திருந்தது. ஈயச் சன்னங்களில் பூசி வருகிற மெழுகு. ஒவ்வொரு ரவையும் ஒரு பொட்டு மெழுகை அங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறது. மெழுகு சேரச் சேர, அடுத்த சன்னம் இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கியிருக்கிறது. இடையிடையே மெழுகு உதிர்ந்தபோது அடுத்து வந்தவை சரியாகவும் இறங்கியிருக்கின்றன.

"அப்ப மெழுகாலைதான்" என்றார் தில்லையம்பலத்தார். சொன்னபோது நெஞ்சு கொஞ்சம் லேசானது.

ரீச்சர் துணியால் குழியைத் துடைத்தா.

"எத்தினையை அளந்து பாத்தனீங்கள்?"

"முதல் பத்தையும்."

"எப்பிடி இருந்தது?"

"பத்தும் சரி, ரீச்சர். ஒரு மயிரளவும் பிசகேல்லை."

"பதினோராவது?"

பத்தோடு அவர் கலிப்பரைக் கீழே வைத்திருந்தார்.

ரவையைப் பிரிக்கிற பிளாஸ்டிக் சுத்தியலை ரீச்சர் எடுத்துக் கொடுத்தா. சுத்தியலின் தலைக்குள் ரவையைச் செருகி, மரக்கட்டையில் ஓங்கித் தட்டினால் சன்னம் கழன்று மருந்து கொட்டும். அவர் கட்டையான ரவைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ஒவ்வொரு தட்டுக்கும் காலையில் கேட்ட வெடிதான் காதில் விழுந்தது.

கட்டையானவை முடிந்தன. அளவு சரியானவை நூற்றுக்கு மேல் மிஞ்சின. அவற்றை இன்னொருமுறை அளந்து, ஒரு புறமாக ஒதுக்கிவைத்தார். இவை நல்லவை, இருக்கட்டும் என்றார்.

ரீச்சர் உள்ளங்கையை நீட்டினா.

"அப்ப ஒண்டு தாங்கோ. இப்பவே கழகத்துக்குப் போவம். மைதிலி சுடட்டும்."

அவர் ஒன்றை எடுத்தார். கலிப்பரில் வைத்தார். சரியாகத்தான் இருந்தது. கொடுக்கக் கையைக் கொண்டுபோனார்.

அப்போதுதான் நினைவு வந்தது. அந்த ரவைகளைக் கட்டிய அன்று சொந்த ஊரான அரியாலையிலிருந்து தம்பி தொலைபேசி எடுத்திருந்தான். காணிப் பிரச்சினை. தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கதைத்தபடியே மருந்து நிறுத்தார். எந்தெந்தக் கோதுக்குள் கூடக்குறைய விழுந்ததென்று தெரியாது. நீளத்தைக் கலிப்பர் சொல்லும். உள்ளே இருப்பதைச் சொல்லாது. பொறியில் மெழுகு படிந்த அதே நாளில் தனக்குள்ளும் ஏதோ படிந்திருந்ததாக அவருக்குத் தோன்றியது.

ரீச்சரின் கை நீட்டியபடியே இருந்தது. அவருடைய விரல்கள் விரியவில்லை.

சற்று நேரத்தில் அந்த ரவையைத் தானே சுத்தியலுக்குள் செருகித் தட்டினார். அடுத்ததை எடுத்தார். ரீச்சர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, கொட்டிய மருந்தைத் தனியாகவும் சன்னங்களைத் தனியாகவும் பிரிக்கத் தொடங்கினா. மேலேயிருந்து மைதிலி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். தேத்தண்ணி ஆறிப்போனது.

கடைசிச் சன்னமும் கழன்றபோது அவருடைய தோள்மூட்டு விண்விண்ணென்று வலித்தது.  சுத்தியலைக் கீழே வைத்தார்.

ரீச்சர் போவதற்கு எழும்பினா.

"ரீச்சர்" என்றார். "நீங்கள் பதினைஞ்சு வருசமாய் ரவை கட்டுறியள். இந்தப் பயம் எப்ப போகும்?"

ரீச்சர் படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினா.

"போனால் சொல்லுங்கோ அண்ணை. அண்டைக்கே வந்து இந்தப் பொறியைக் கழட்டிக்கொண்டு போறன்."