விலை கூடிய பிராசசர்

பிறந்து நாற்பது நாளான மகளை இசக்கியப்பன் செல்போனில்தான் பார்த்திருந்தான். கம்பெனியின் கம்ப்யூட்டர் சர்வர் அறை வேலையில் லீவு கிடைக்கவில்லை.

“நான் சொல்ற விலை கூடின பிராசசர்தான் வேகம்னு முதலாளியம்மா முன்னால நிரூபி. லீவு தர்றேன்,” என்றார் மேனேஜர் வரதராஜன்.

முதலாளியம்மா முன்னால் அதற்கும் பாதி விலைப் பிராசசர் ஒன்றுக்கும் ஒரே வேலையைக் கொடுத்தான். இரண்டுமே பத்து நிமிடத்தில் முடித்தன.

“நிரூபிச்சா லீவு தர்றேன்னாரு மேனேஜர். அவர் சொன்னதுதாம்மா வேகம். ரெண்டே நிமிஷம்தான் உழைக்குது. டிஸ்க்குல இருந்து டேட்டா வரணும்னு மிச்ச எட்டு நிமிஷமும் சும்மா காத்துக் கிடக்கு. பாதி விலைக்காரன் ஆறு நிமிஷம் உழைச்சு, நாலு நிமிஷம்தான் காக்கான்.”

முதலாளியம்மா சிரித்துவிட்டார். “பாதி விலைக்காரனையே வாங்குவோம். சொன்னபடி இவருக்கு லீவு குடுங்க.”

கையெழுத்துப் போட்டபடியே மேனேஜர் பல்லைக் கடித்தார். “அது காத்துக் கிடக்குன்னு எப்படிய்யா கண்டுபிடிச்ச?”

“நாப்பது நாளா நானும் அப்படித்தான சார் கிடக்கேன்.”