பட்டை ஒட்டாத சீசா

"அஞ்சு வாசனை போட்டுப் பாத்துட்டேன்மா. அஞ்சையும் துப்பிட்டாரு."

வந்து நின்றதும் திரவியம் இப்படித்தான் ஆரம்பித்தார். எஸ்தர் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

இது நடந்து பதினாறு, பதினேழு வருஷம் இருக்கும். தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு இல்லம். இனி வைத்தியம் இல்லை என்று பெரிய ஆஸ்பத்திரிகள் கைவிரித்த ஆட்களை அங்கே படுக்கவைத்து, கடைசிவரை வலியில்லாமல் பார்த்துக்கொள்வார்கள். இருபது கட்டில். பின்கட்டில் மருந்து கலக்குகிற அறை.

கடையில் கிடைக்கிற மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, டாக்டர் எழுதிய அளவுப்படி ஆளுக்கொரு மருந்தாகக் கலந்து கொடுப்பது எஸ்தரின் வேலை. அவளுக்கு வயது நாற்பத்தொன்று. அவளிடம் தொழில் கற்க வந்த திரவியத்துக்கு ஐம்பத்தாறு.

சீடர் மூத்தவர், குரு இளையவள். அதனால் என்ன கெட்டுப்போயிற்று? அவர் அவளை 'அம்மா' என்பார், அவள் அவரை 'அண்ணாச்சி' என்பாள். காரியம் நடந்துகொண்டிருந்தது.

திரவியத்தை லேசாக நினைத்துவிடக் கூடாது. சென்னையில் ஒரு சிரப் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவர். மருந்தின் கசப்பை நாக்குக்குத் தெரியாமல் மறைப்பதுதான் உத்தியோகமே. அவர் மாம்பழ வாசனை சேர்த்துச் செய்த இருமல் மருந்தை, இருமல் இல்லாத பிள்ளைகளும் கேட்டு அழுதார்களாம். அந்தக் கதையை வாரத்துக்கு ஒருதரமாவது சொல்வார். அந்த மாம்பழ வாசனைக்காகவே பழைய கம்பெனியை நினைத்து ஏங்குகிற மனுஷர். ஏங்கிவிட்டுப் போகட்டும், நமக்கென்ன.

அப்பேர்ப்பட்டவரை ஒரு பஸ் கண்டக்டர் மூன்று நாளாக முழிபிதுங்க வைத்துவிட்டார்.

மாடக்கண்ணு என்று பெயர். ரிட்டையர் ஆகி ஆறு வருஷம். வயிற்றில் புற்று. மாத்திரை தொண்டையில் இறங்காது. ஊசி குத்த உடம்பில் சதை மிச்சமில்லை. வாயில் ஊற்றுகிற வலி மருந்து ஒன்றுதான் வழி.

அதைத்தான் அவர் துப்பினார். வலி வந்தால் தலையணையைக் கடிப்பார். மருந்தைக் கொண்டுபோனால் கையைத் தூக்கி, பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி 'ஹோல்டான்' என்பார். கெஞ்சினால் சீசாவைக் கையில் வாங்குவார், பின்பக்கத்தைக் கட்டைவிரலால் ஒருதரம் தடவுவார், மூடியில் ஊற்றி ஒரு வாய் வைப்பார். உடனே துப்பிவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொள்வார்.

எஸ்தர் தராசை விட்டு நிமிர்ந்தாள்.

"ஏன் வேண்டாங்காருன்னு கேட்டீங்களா அண்ணாச்சி?"

"கேட்டேன்மா. ஒரு வார்த்தை பேசல. சுவரைப் பாத்துத் திரும்பிட்டாரு."

"அப்போ சுவர்கிட்டப் போயிக் கேளுங்க."

அவ்வளவுதான். மறுபடி தராசைக் குனிந்து பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

திரவியத்துக்குச் சுருக்கென்றது. இருபத்தெட்டு வருஷ அனுபவத்துக்கு இது ஒரு பதிலா? சுவரும் மண்ணாங்கட்டியும் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே ஆறாவது சீசாவைக் கலந்தார். இந்தத் தடவை ரோஜா வாசனை. பார்க்கவும் அழகாக இருக்கட்டும் என்று நல்ல சிவப்பு நிறம் வேறு.

கொண்டுபோய் நீட்டினார்.

மாடக்கண்ணு அந்தச் சிவப்பைப் பார்த்தார். 'ஹோல்டான்' சொல்லவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, உடம்பு குலுங்கக் குலுங்க அழுதார்.

திரவியத்துக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சிவப்புத் தண்ணீரைப் பார்த்து ஒரு மனுஷன் இப்படி அழுவானா?

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டடி இடம் இருந்தது. வேறு வழி தெரியாமல் அந்த இடுக்கில் நுழைந்தார். தரையில் உட்கார்ந்து, சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

துண்டு மூடிய கண்டக்டரின் முகம் நேரெதிரே, ஒரு முழ தூரத்தில் இருந்தது. மூன்று நாளாக அந்த முகத்தை அவர் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நாக்கை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ரொம்ப நேரம் கழித்து மாடக்கண்ணு துண்டை விலக்கினார்.

"இங்க உக்காந்து என்னவே செய்யுதீரு?"

"சும்மாதான் இருக்கேன்."

சும்மா இருக்கிற ஆளிடம்தான் மனுஷர்களுக்குப் பேச வருகிறது. மாடக்கண்ணு பேசினார்.

அவருக்கு ஒன்பது வயசு அப்போது. அப்பா படுக்கையில் கிடந்தார். ஊர் ஆஸ்பத்திரியில் மருந்து வாங்க வீட்டிலிருந்தே சீசா கொண்டுபோக வேண்டிய காலம். கம்பவுண்டர் பெரிய பெரிய ஜாடிகளிலிருந்து ஊற்றிக் கலப்பார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, ஒரு வெள்ளைக் காகிதப் பட்டையைப் பல் பல்லாக வெட்டி, கோந்து தடவி, சீசாவின் பின்னால் ஒட்டுவார். ஒரு பல்லுக்கு ஒரு வேளை மருந்து. ஈரப் பட்டை நகர்ந்துவிடாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வருவானாம் பையன். அந்தக் கோந்து வாசனை இன்னும் மூக்கிலேயே இருக்கிறது என்றார்.

மருந்தென்றால் அப்படி ஒரு கசப்பு. குடித்ததும் அப்பாவின் முகம் ஏழு கோணலாகப் போகும். பையன் விழுந்து விழுந்து சிரிப்பான். பிள்ளை சிரிக்கிறானே என்று அப்பா இன்னும் கொஞ்சம் கோணிக் காட்டுவார். பிறகு இரண்டு பேரும் சீசாவைத் திருப்பி, இன்னும் எத்தனை பல் பாக்கி என்று எண்ணுவார்கள்.

"அந்த மூஞ்சிய நெனச்சா இப்பவும் சிரிப்பு வருதுவே" என்றார் மாடக்கண்ணு. கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

ஒருநாள் கம்பவுண்டர் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. சிவப்பாக ஏதோ ஊற்றி, பையனின் தலையைத் தடவி, போ என்று சொல்லிவிட்டார். வழியில் பையன் மூடியைத் திறந்து நக்கிப் பார்த்தான். இனித்தது. சந்தோஷம் தாங்காமல், அப்பாவுக்கு இன்றைக்கு இனிப்பு மருந்து என்று வீடுவரை ஓடினான்.

மாடக்கண்ணு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பா சீசாவ வாங்கிப் பின்னால தடவிப் பாத்தாரு. பட்டை இல்ல. என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம், 'நீயே குடிச்சிக்கோ ராசா'ன்னாரு. நான் குடிச்சேன்வே. முழுசையும் குடிச்சேன். நாலாம் நாள் போயிட்டாரு."

வராந்தாவில் யாரோ தள்ளுவண்டியில் சாப்பாடு கொண்டுபோனார்கள். அது போய் முடிந்ததும் மாடக்கண்ணு மறுபடி ஆரம்பித்தார்.

"நான் சாகப்போறது எனக்குத் தெரியும். அதுக்கு அழுகல. வலிக்கு மருந்துன்னு சொல்லிக்கிட்டு, கைவிட்ட ஆளுக்கு ஊத்துற, அளவு வேண்டாத சர்க்கரைத் தண்ணிய எனக்கும் குடுக்காதீங்க."

திரவியம் அந்தச் சிவப்புச் சீசாவைப் பார்த்தார். உள்ளே இருந்தது அசல் மருந்து. அதைத் தன் கெட்டிக்காரத்தனத்தால் இனிப்புத் தண்ணீர் மாதிரி ஆக்கிக் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார், ஒன்றல்ல இரண்டல்ல, ஆறு தடவை. அசல் மருந்துதான் என்று சொல்ல வாயெடுத்தார். யார் நம்புவார்கள் என்று தோன்றியது. எழுந்து போனார்.

எஸ்தரிடம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார்.

"நான் என்னம்மா பதில் சொல்ல?"

அவள் எழுந்தாள். அவருடைய வாசனைச் சீசாக்களை ஒவ்வொன்றாக எடுத்து எட்டாத மேல்தட்டில் வைத்தாள். மேஜை டிராயரைத் திறந்து, ஒரு கத்தரிக்கோல், ஒரு வெள்ளைத் தாள், கோந்து மூன்றையும் அவர் முன்னால் தள்ளினாள்.

திரவியம் மருந்துப் பொடியைத் தராசில் நிறுத்தார். தண்ணீரில் கலந்தார். பழக்கதோஷம், கை தானாக மாம்பழ வாசனையைத் தேடி மேலே போயிற்று. இழுத்துக்கொண்டார். கண்ணாடிச் சீசாவில் ஊற்றி மூடினார்.

இனி பட்டை. அங்கேதான் இருபத்தெட்டு வருஷமும் கைகொடுக்கவில்லை. முதல் பட்டை கோணிக்கொண்டது. இரண்டாவதில் ஒரு பல் பெரிசு, ஒரு பல் சிறிசு. மூன்றாவதை அளவுகோல் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினார். எட்டு வேளைக்கு எட்டுப் பல். ஒட்டிவிட்டு, ஈரம் நகர்ந்துவிடாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனார்.

மாடக்கண்ணு பார்த்தார். நிறமில்லாத தண்ணீர். வேண்டாவெறுப்பாகத்தான் வாங்கினார். கட்டைவிரல் வழக்கம்போலப் பின்பக்கம் போயிற்று.

அங்கேயே நின்றுவிட்டது.

பிறகு மெதுவாக, ஒவ்வொரு பல்லாக, மேலிருந்து கீழே இறங்கியது. எட்டு வரைக்கும் வாய்க்குள்ளேயே எண்ணினார். விரலை மூக்கருகே கொண்டுபோய்க் கோந்தை மோந்து பார்த்தார்.

"ரைட்" என்றார்.

ஒரு பல் அளவு மூடியில் ஊற்றி, ஒரே மடக்கில் விழுங்கினார்.

அப்பப்பா, அந்த முகம் போன போக்கு! கண் ஒருபக்கம், மூக்கு ஒருபக்கம், வாய் ஒருபக்கம்.

திரவியத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாகக் கிடக்கிற ஆளின் முன்னால் இப்படிச் சிரிக்கிறோமே என்று பதறி வாயைப் பொத்தினார். விரலிடுக்கில் பீறிட்டு வந்தது.

மாடக்கண்ணு ஒரு கண்ணைத் திறந்து அதைப் பார்த்தார்.

பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கோணிக் காட்டினார்.