ஜன்னலோரக் கட்டிலில் யாருமில்லை

முள்ளிமலை அடிவாரத்து மடத்தில் பூசை குறைவு, ஊசி அதிகம். மடத்துக்குத் தலைவியான உலகம்மை டாக்டருக்குப் படித்தவர். காவி கட்டியிருந்தாலும் கழுத்தில் தொங்கியது ருத்திராட்சம் இல்லை, ஸ்டெதாஸ்கோப். காய்ச்சல், புண், பிரசவம், எதுவானாலும் சுற்றுப்பட்டு ஜனங்கள் மடத்து ஆஸ்பத்திரிக்குத்தான் வருவார்கள். எல்லோருக்கும் அவர் அம்மை.

ஆவுடையப்பன் அவருடைய சீடர். குருவைவிட வயதில் மூத்த சீடர். சென்னையில் கணினி வேலை பார்த்து ஓய்வு பெற்று, மனைவியும் காலமான பிறகு, இனி தியானம்தான் என்று பெட்டியோடு வந்து இறங்கியவர். அம்மை அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர் தெரியுமா?" என்று கேட்டார். அதோடு தியானம் போயிற்று. ஆஸ்பத்திரியின் காகிதக் கட்டுகளையெல்லாம் கணினியில் ஏற்றும் வேலை அவர் தலையில் விழுந்தது.

குறை சொல்லக் கூடாது, மனிதர் நன்றாகவே செய்தார். யாருக்கு என்ன மாத்திரை, யாருக்கு உப்பில்லாக் கஞ்சி, எல்லாம் திரையில் வந்தது. வார்டு, மருந்தறை, சமையலறை, எல்லா இடத்திலும் திரையைப் பார்த்தே வேலை நடந்தது. ஆள் படுத்திருக்கும் கட்டில் பச்சையாகத் தெரியும். காலிக் கட்டில் வெள்ளையாகத் தெரியும்.

ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு இருந்தால் அவருக்குப் பொறுக்காது. தேடிப் பிடித்து இரண்டையும் ஒன்றாக்கினால்தான் சோறு இறங்கும்.

ஒரு நாள் குருவிடம் கேட்டார்.

"அம்மை, பதிவுல ஒரு பிழைகூட இல்லாம வச்சுக்கிட என்ன வழி?"

அம்மை ஒரு குழந்தையின் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொறுங்கய்யா. இந்தக் காது முடியட்டும்."

காது முடிந்தது. பதில் வரவில்லை. மறுநாள் காலையில் அம்மை மலைக்கு மேலே மருத்துவ முகாமுக்குப் போய்விட்டார்.

அவர் திரும்ப வேண்டிய நாளில் சாரல் இறங்கியது. பட்டப்பகலிலேயே மலை காணாமல் போயிற்று. ஆவுடையப்பன் திரை முன்னால் உட்கார்ந்திருந்தபோது நர்ஸ் ஜெபக்கனி வந்து நின்றார். லீவு முடிந்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்தார். முகம் சரியில்லை.

"சார், பொம்பளையாளுக வார்டுல ஜன்னலோரக் கட்டில் காலிதான?"

அவர் திரையைப் பார்த்தார். வெள்ளை.

"காலிதாம்மா. ஏன்?"

"அதுல ஆள் இருக்கு சார்."

"யாரு?"

ஜெபக்கனி வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"வடக்கூத்து இசக்கியம்மாள்."

ஆவுடையப்பன் பெயரைத் தட்டினார். ஊர் வடக்கூத்து, தகப்பன் பெயர் சுடலை, வயது அறுபது. கீழே, இறந்தவர் என்று இருந்தது.

"இந்தம்மா போன மழைக்காலத்துலயே இறந்துட்டாங்களே."

"அதான் சார் சொல்லுதேன். நான்தான் அன்னிக்குக் கண்ண மூடிவிட்டேன்."

"அப்போ இது வேற யாரோ."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். மொகத்தப் பாத்தா அவிய மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. பேரு கேட்டேன், அதையேதான் சொல்லுதாவ. நீங்க வந்து பாருங்க. எனக்குப் பயமா இருக்கு."

ஆவுடையப்பன் பேய் பிசாசை நம்புகிறவர் இல்லை. இருந்தாலும் வராந்தாவில் நடக்கும்போது கால் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தது.

வார்டுக்குள் சத்தமே இல்லை. எந்த நேரமும் வாய் ஓயாத பெண்கள், போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு கிடந்தார்கள். ஜன்னலை ஒட்டிய கட்டிலைச் சுற்றி மட்டும் இடம் விட்டிருந்தது. மற்றக் கட்டில்களை எதிர்ச்சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். நடுவில் தரையில் ஒரு வரிசையாக வேப்பிலை. யார் வைத்தது என்று தெரியவில்லை, கட்டிலின் கால்மாட்டில் ஒரு பழைய இரும்புப் பூட்டும் கிடந்தது.

அந்தக் கட்டிலில் ஒரு பெண் மல்லாந்து படுத்திருந்தாள். கழுத்துவரை வெள்ளைத் துணி. கண் திறந்திருந்தது.

சமையலறைத் தள்ளுவண்டி வந்தது. தள்ளி வந்தவள் வண்டியில் மாட்டியிருந்த திரையைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு கட்டிலிலும் கஞ்சி வைத்தாள். ஜன்னலோரம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு வண்டியை விரட்டினாள். படுத்திருந்தவள் கேட்கவும் இல்லை, கையை நீட்டவும் இல்லை. வண்டி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான்.

"இவங்களுக்கு மருந்து?" என்று ஆவுடையப்பன் மெதுவாகக் கேட்டார்.

"காய்ச்சல்னு வந்த அன்னிக்குக் குடுத்திருக்காவ. நேத்துலேருந்து இல்ல. கம்ப்யூட்டர்ல பேரு காட்டல, அதனால மருந்தறையில குடுக்கல. கஞ்சியும் இல்ல. துப்புரவுக்காரி காலிக் கட்டில்னு விரிப்பு மாத்த வந்திருக்கா. துணிய இழுத்தா உள்ள ஆளு! அலறிக்கிட்டு ஓடுனவதான், வீட்டுக்கே போயிட்டா."

நேற்று. ஆவுடையப்பன் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். நேற்றுக் காலையில்தான் வடக்கூத்து இசக்கியம்மாளின் இரண்டு பதிவுகளை அவர் ஒன்றாக்கினார்.

கட்டிலருகே போனார். வேப்பிலையைத் தாண்டும்போது பின்னால் யாரோ "ஐயோ" என்றார்கள்.

"அம்மா," என்று கூப்பிட்டார்.

அவள் தலையைத் திருப்பினாள். உதடு வெடித்திருந்தது.

"ஏன்யா," என்றாள், ரகசியம் கேட்கிறவளைப் போல. "நான் எப்பய்யா போனேன்?"

அவர் இன்னும் கிட்டே போனார்.

"ஒண்ணுமே தெரியலய்யா. நோவும் இல்ல. எல்லாரும் என்னயத் தாண்டித் தாண்டிப் போறாவ. ஒருத்தரும் பேசல. சரி, போயிட்டோம் போலன்னு கெடக்கேன்."

ஜெபக்கனி ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். அவள் வாயை இறுக்கிக்கொண்டாள்.

"எனக்கு எதுக்குத் தாயி? உசுரோட இருக்கவுகளுக்குக் குடு."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மை வந்துவிட்டார். சேலைக் கரையெல்லாம் சேறு, தலையில் சாரல். வேப்பிலையைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், சீடரைப் பார்த்தார். ஜெபக்கனி நடந்ததைக் காதோரமாகச் சொன்னார். மருந்தறைச் சாவியை வாங்கிப் போய், தானே மருந்தை எடுத்து வந்து ஊசி போட்டார். கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"கால் எப்படி இருக்கு?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டார்.

"வெரல எடுத்துட்டாங்கல்லா தாயி. ஆறிட்டுன்னு நெனைக்கேன்."

"யாரு சொன்னா?"

"வேற ஒரு நர்சம்மா நேத்துக் கையில வெளிச்சம் அடிக்கிற ஒரு பலகைய வச்சுப் படிச்சாவ. சக்கரைக்கு வெரல எடுத்தது ஆறிட்டான்னு கேட்டாவ. ஆமான்னேன். அதுக்குக் கீழ எதையோ படிச்சிட்டு ஓடுனவதான், அப்புறம் ஒருத்தரும் பேசல."

அம்மை போர்வையை விலக்கினார்.

பத்து விரல்களும் இருந்தன. சேற்றுப்புண் வந்து ஆறிய, வயலில் நடந்து அகன்ற, முழுசான கால்கள். அவளும் எட்டிப் பார்த்தாள். யாருடையவையோ என்பதுபோல் பார்த்தாள்.

ஆவுடையப்பன் முன்னால் வந்தார்.

"அம்மை, நான் கேக்காம ஒண்ணாக்கல. இவங்க வந்த அன்னிக்கு நானே கவுண்டர்ல இருந்து கேட்டேன். சுடலை மக இசக்கியம்மாள்தானேன்னு கேட்டேன். ஆமாங்க. வடக்கூத்துதானே? ஆமாங்க. அறுபது வயசுதானே? ஆமாங்க. போன மழைக்கும் இங்க வந்திருந்தீங்கள்லான்னுகூடக் கேட்டேன். ஆமாய்யான்னாங்க. வார்டுல இறந்த விவரம் இன்னொரு பக்கத்துல இருந்துச்சு, அதத்தான் நான் பாக்கல."

ஜெபக்கனி வாயைப் பொத்திக்கொண்டார்.

"சார், வடக்கூத்துல மூத்த பிள்ள பொண்ணுன்னா இசக்கி, ஆணுன்னா சுடலை. சாமி பேருதான் வைப்பாவ. ஊருல பாதிப்பேரு சுடலை மக இசக்கிதான். வயசு கேட்டா எல்லாருமே அறுவதும்பாவ."

"போன மழைக்கு வந்தேங்காங்களே?"

படுத்திருந்தவள் பதில் சொன்னாள். "வந்தேன்யா. எங்க பெரியம்மா மவ இசக்கி இங்கதான கெடந்தா. அவளுக்குக் கஞ்சி கொண்டாந்தேன்."

அம்மை அவள் பக்கமாகக் குனிந்தார்.

"செத்துப்போன இசக்கியம்மாள் நீங்கதானே?"

"ஆமா தாயி," என்றாள் அவள், தயங்காமல். பெரிய மனுஷர்கள் கேட்டால் இல்லை என்று சொல்வது அவளுக்குப் பழக்கமில்லை.

எதிர்ச்சுவரோரம் ஒரு கட்டில் கிறீச்சிட்டது. ஆவுடையப்பன் அங்கே நிற்க மாட்டாமல் வெளியே ஓடினார்.

கணினி முன்னால் உட்கார்ந்தார். ஒன்றாக்குவது ஒரு சொடுக்கு. பிரிப்பது அப்படி இல்லை. இறந்தவளின் சர்க்கரை, இறந்தவளின் விரல், இறந்தவளின் ரத்த வகை, ஒவ்வொன்றாகத் தேடி அவளிடமே திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு வரியை எடுத்தால் இன்னொரு பக்கத்தில் அதே வரி முளைத்து நின்றது. செத்தவள் விட மாட்டேன் என்கிறாளோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. நம்பாத மனிதருக்குத்தான் அப்படித் தோன்றியது.

கடைசியில் இரண்டும் பிரிந்தன. ஜன்னலோரக் கட்டில் பச்சையாயிற்று. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

வார்டு வாசலுக்கு ஓடினார். அம்மை ஒரு கிண்ணம் கஞ்சியோடு வெளியே வந்துகொண்டிருந்தார். கஞ்சி அப்படியே இருந்தது.

"சரியாக்கிட்டேன் அம்மை. இப்ப அவங்க உயிரோட இருக்காங்க."

"அவங்களுக்குத் தெரியுமா?"

அவர் கிண்ணத்தைப் பார்த்தார்.

"ஊசி வேலை செய்யும். ஆனா தண்ணியும் கஞ்சியும் உள்ள போகலன்னா இந்த உடம்பு நாளைக்குத் தாங்காது. நான் சொல்லிப் பாத்துட்டேன். எல்லாத்துக்கும் ஆமாங்காங்க, வாயை மட்டும் திறக்கல." அம்மை கிண்ணத்தை அவர் கையில் வைத்தார். "நீங்க போய்ச் சொல்லுங்க."

ஆவுடையப்பன் போனார். ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாகச் சாரல், உள்ளே வெள்ளைத் துணி. அவள் மூச்சு விடுவதுகூடத் தெரியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, நீங்க போகல. உயிரோடதான் இருக்கீங்க. தப்பு என்மேல."

அவள் அவர் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"யாருய்யா சொன்னா, நான் இருக்கேன்னு?"

கம்ப்யூட்டர் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. நேற்று அவள் போய்விட்டாள் என்று சொன்னதும் அதுதானே. வேறு பதில் தேடினார். அவளைப் பற்றி அவருக்கு வேறு என்ன தெரியும்? கவுண்டரில் அத்தனை கேள்வி கேட்டபோதும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முகத்தை அவர் பார்ப்பதே இன்றைக்குத்தான்.

கிண்ணத்தைக் கீழே வைத்தார். துணிக்கு வெளியே கிடந்த அவள் கையைப் பிடித்தார்.

"கை சுடுதும்மா," என்றார்.

"சுடுதா?"

"நல்லாச் சுடுது."

அவள் அவர் கையை இழுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"இங்க?"

"இங்கயும் சுடுது."

அவள் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். வார்டு முழுக்கக் காத்திருந்தது.

"செத்தவளத் தொட்டிருக்கேன்யா," என்றாள் கடைசியில். "எங்க இசக்கி அக்காளக் குளிப்பாட்டுனது நான்தான். ஐஸா இருந்தா."

பிறகு வாயைத் திறந்தாள். ஆவுடையப்பன் ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். எதிர்ச்சுவரோரம் ஒருத்தி எழுந்து வந்து, வேப்பிலையைக் காலால் ஒதுக்கிவிட்டு, அவள் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

கிண்ணம் காலியானதும் ஆவுடையப்பன் குருவைத் தேடிப் போனார். அம்மை கொல்லைக் குழாயில் சேலைக் கரையை அலசிக்கொண்டிருந்தார்.

"குடிச்சாங்களா?"

"குடிச்சாங்க."

"நல்லது."

சீடர் போகாமல் நின்றார்.

"அம்மை, அவங்க பதிவுல நான் ஒண்ணாக்கினதெல்லாம் எடுத்தாச்சு. இப்ப பேரைத் தவிர அது வெறுமையா கெடக்கு. இனி எதை நம்பி எழுத?"

"கை சுட்டுதுல்லா?"

"சுட்டுது."

அம்மை குழாயை மூடினார்.

"அதுலேருந்து ஆரம்பிங்க."