கரிசலில் வந்த செந்தண்ணீர்

“எனக்கு இனி யாருமில்ல தாயி. காவி குடுங்க” என்றான் இருளப்பன்.

வறண்ட கண்மாயின் கரையில் தனியாக இருந்தாள் துறவி பொன்னுருவி. அவனைவிட வயதில் இளையவள்.

“வீட்டுல?”

“பொண்டாட்டி, மக. சொல்லாமக் கெளம்பிட்டேன். மேற்க மலையடிவாரம். அங்கருந்து எதுவும் என்னைத் தேடி வராது. அம்புட்டுத் தூரம் நடந்திருக்கேன்.”

அவள் எழுந்து கண்மாய்க்குள் இறங்கினாள். அவனும் இறங்கினான்.

உச்சி வெயில். வானத்தில் பொட்டு மேகமில்லை. கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

“காதை வச்சுக் கேளு.”

குப்புறப் படுத்துக் காதை வைத்தான். சட்டென்று எழுந்து நின்றான்.

“யாரோ வராக, தாயி. பெருங்கூட்டம். ஆனா ஒருத்தரும் பேசல.”

“ம்.”

காற்று அசையவில்லை. ஆனாலும் நனைந்த மண்ணின் வாசனை வந்தது.

வெடிப்புகளிலிருந்து நண்டுகள் வெளியே வந்தன. அவன் கால்களைச் சுற்றிக்கொண்டு, எல்லாம் ஒரே திசையில், கரையைப் பார்த்து ஊர்ந்தன. ஒரு பாம்பும் போனது. அவனை அது ஏறிட்டும் பார்க்கவில்லை.

இருளப்பன் ஓரடி பின்வாங்கினான்.

“போயிரலாம் தாயி.”

“வரட்டும்.”

வந்தது. கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் கால்வாய் வழியே, சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, ஒரு நாக்கைப்போல. வெடிப்புகளுக்குள் களக் களக்கென்று இறங்கியது. நிரம்பியது. மேலேறி அவன் பாதத்தைத் தொட்டது.

சில்லென்றிருந்தது. குனிந்து அள்ளினான். சிவப்பு.

“இது எங்க பக்கத்துச் செம்மண்ணு.”

“நேத்து ராத்திரி மலையில இடி கேட்டுச்சு. அங்க கூரையில விழுந்தது, களத்துல விழுந்தது, சுடுகாட்டுல விழுந்தது, எல்லாம் ஓடை ஓடையாச் சேந்து வருது. அது இறங்குறதுக்கு வேற எடம் ஏது?”

தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. இருவரும் கரையில் ஏறி நின்றார்கள்.

செத்த கோழி ஒன்று மிதந்து வந்தது. அப்புறம் ஒரு முறம். அதற்குப் பின்னால், மெல்லச் சுழன்றபடி, ஓலைக்கூரையின் ஒரு பக்கம். அதன்மேல் சுரைக்கொடி படர்ந்திருந்தது. ஒரு வெள்ளைப் பூ இன்னும் வாடவில்லை.

அவன் மனைவியும் கூரையில் சுரைக்கொடி ஏற்றியிருந்தாள். அடிவாரத்தில் எல்லார் வீட்டிலும்தான் ஏற்றுவார்கள்.

“தாயி, அது யார் வீட்டுக் கூரை?”

“எனக்கு எப்படித் தெரியும்?”

கூரை அவர்களைக் கடந்து நடுக்கண்மாய்க்குப் போனது.

பொன்னுருவி தன் குடிசைக்குள் போய்க் காவித்துணியை எடுத்து வந்தாள்.

கரையில் யாருமில்லை.

கால்வாய் ஓரமாக, தண்ணீருக்கு எதிராக, மேற்கே ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான்.