காகிதத்தில் கிளம்பிய கப்பல்

கப்பல் தண்ணீரில்தான் போகும் என்று பலரும் நம்புகிறார்கள். இந்தப் பிழையைத் திருத்தியே ஆக வேண்டும்: தூத்துக்குடியில் ஓர் உல்லாசக் கப்பல் காகிதத்தில் போனது.

சங்கரன்கோவிலிலிருந்து வந்த நாற்பது பேர் கொண்ட சுற்றுலாக் குழு, சமையலுக்கு முத்துப்பேச்சியையும் கூட்டி வந்திருந்தது. கப்பல் நிறுவனம் அவர்கள் பயணத்தைத் தானாகவே ஒரு வாரம் தள்ளி, வேறு கப்பலுக்கு மாற்றியிருந்தது. அந்தக் கப்பலும் பகல் ஒரு மணி வரை வரவில்லை. துறைமுகக் கூடத்தில் எல்லோருக்கும் பசி. முத்துப்பேச்சியின் அடுப்பையும் அரிசி மூட்டையையும் கப்பல் நிறுவன ஊழியர்கள் காலையிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்.

"அடுப்பைக் குடுங்க சார், வெளிய வச்சுப் பொங்கிக்கிடுதேன்."

நிறுவனத்தின் மேலாளர் எட்வின் விதிப்புத்தகத்தைத் தட்டினார். "விதிப்படி பத்து மணிக்கே பயணம் ஆரம்பிச்சாச்சும்மா. கப்பல் வந்தா என்ன, வராட்டா என்ன? நீங்க எல்லாரும் இப்ப கப்பல்ல இருக்கீங்க. கப்பல்ல அடுப்பு கூடாது. தாமதம்னு புகாரும் எழுத முடியாது. போய் உட்காரும்மா."

முத்துப்பேச்சி நகரவில்லை. "அப்ப நாங்க கப்பல்லதான் இருக்கோமா?"

"ஆமான்னு எத்தனை தடவை சொல்றது?" கூடமே கேட்கும்படி கத்தினார்.

"நல்லது சார். கப்பல்ல மதியச் சாப்பாடு பதினாறு வகைன்னு சீட்டுல போட்டிருக்கு. எடுத்துட்டு வாங்க. இலையை நாங்க போட்டுக்கிடுதோம்."

நாற்பது பேரும் தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். முத்துப்பேச்சி இலை விரித்துத் தண்ணீர் தெளித்தாள். இலைமுன் உட்கார்ந்தவர்கள் சாப்பிடாமல் எழுந்திருக்கும் வழக்கம் அவர்கள் ஊரில் இல்லை.

ஒன்றே முக்காலுக்கு அடுப்பு திரும்பி வந்தது. அறிவிப்புப் பலகையில், கப்பல் இன்னும் கிளம்பவில்லை என்று எட்வின் தன் கையாலேயே எழுதினார்.